அடிப்பிடித்த குண்டானில் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் வந்தன. 45-ம் பிரிவு முதலுதவிக்கு: 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், 500 பேருக்கு மேல் வேலை செய்தால் தனியாக ஆம்புலன்ஸ் அறையே வேண்டும் என்றது. 46-ம் பிரிவு சாப்பாட்டுக்கு: 250 பேருக்கு மேல் இருந்த ஆலைகளில் கேன்டீன். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் ஆலை வரிசையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு அறைகளும் பழக்கமானவை. பெரிய குண்டானில் சாம்பார் கொதிப்பதையும் பார்த்திருக்கிறார்கள், கையில் கட்டுப்போட்டபடி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். வீக்லி ஆஃப் அன்று வாடகை வீட்டு ஹாலில் நாலைந்து பேராக உட்கார்ந்து பகடை உருட்டும்போது எழுகிற ஒரு சிக்கலான கேள்வியைப் புரிந்துகொள்ள, இந்த இரண்டு அறைகளில் கேன்டீன்தான் அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம்.

கேள்வி இதுதான். கேரக்டர் ஒன்று அடிபட்டு விழுந்துவிட்டது. ஏற்கெனவே அதற்கு விஷம் ஏறியிருக்கிறது, ரத்தமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு குணமாக்கும் மந்திரம் போடுகிறார். அத்தோடு எல்லாம் சரியாகிவிடுமா?

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். சுருக்கமாக டி அண்ட் டி. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பையன்கள் வீட்டு அடித்தளத்தில் ஆடுவது இதைத்தான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டராக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள், பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயிப்பவர் தோற்பவர் என்று யாரும் இல்லை. ஆனால் சாவு உண்டு. அதனால்தான் சாவின் விதி தெளிவாக இருக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டரை ஒருவர் இழக்கப்போகிறார் என்றால், அது ஏன், எப்படி என்பது மேசையில் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

இப்போது அடுப்பில் ஒரு குண்டானை ஏற்றுவோம்.

குண்டானில் இருக்கும் குழம்பின் அளவுதான் எச்.பி., அதாவது ஹிட் பாயின்ட். இந்த எண்ணிக்கைமுறை போர்க்கப்பல்களை வைத்து ஆடும் ஒரு விளையாட்டின் விதிகளிலிருந்து வந்ததாக ஆர்னெசன் சொல்லியிருக்கிறார். ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு, மனிதருக்கு மாறியது. கேரக்டர் அடி வாங்குவது, யாரோ கரண்டியால் குழம்பை மொண்டுகொண்டு போவது. குணமாக்கும் மந்திரம், மேலே தண்ணீர் ஊற்றுவது. அளவு ஏறும், இறங்கும். 28 எச்.பி. உள்ள வீரர் 3 எச்.பி.யில் நின்றாலும் முழு வேகத்தில் வாள் வீசுவார். பாதி காலியான குண்டானில் இருக்கும் சாம்பாரும் சாம்பார்தானே, ருசி குறைவதில்லை.

அளவைத் தவிர குண்டானைப் பற்றிச் சொல்ல வேறு சங்கதிகளும் இருக்கின்றன. அடியில் தீ எப்படி எரிகிறது, மூடி இறுகியிருக்கிறதா, உப்பு தூக்கலா, அடி தேய்ந்திருக்கிறதா. இவைதான் கண்டிஷன்கள். விஷமேறிய நிலை, கண் தெரியாத நிலை, செயலிழந்த நிலை, கீழே விழுந்து கிடக்கும் நிலை, களைப்பு என்று டி அண்ட் டி-யில் ஒரு பட்டியலே உண்டு. புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். அளவு ஒரு கணக்கு, நிலை இன்னொரு கணக்கு. ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரம் எச்.பி.யை ஏற்றும், விஷத்தைத் தொடாது. ‘லெஸ்ஸர் ரெஸ்டரேஷன்’ விஷத்தை இறக்கும், ஒரு எச்.பி. கூடத் தராது. விஷமேறிய வீரரை முழு எச்.பி.க்குக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவர் வாள்வீச்சில் இரண்டு பகடை உருட்டி, குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு தூக்கலான குழம்பில் தண்ணீர் விட்டால் கொஞ்சம் சரியாகும் என்று சமையல் தெரிந்தவர்கள் சொல்லலாம். விளையாட்டில் அந்தச் சலுகை கிடையாது. உவமை இந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

குழம்பு முழுக்க வற்றிப்போனால் என்ன ஆகும்?

நம் ஊர்க்காரருக்கு இங்கே ஒரு பழைய பழக்கம் குறுக்கே வரும். தாயக்கட்டையில் காய் வெட்டுப்பட்டால் அந்தக் காயின் பயணம் அங்கேயே முடிந்தது. மறுபடி தாயம் போட்டு முதல் கட்டத்திலிருந்து வர வேண்டும். மலையில் நின்றால் வெட்ட முடியாது, வெளியே நின்றால் வெட்டலாம், நடுவில் வேறு நிலை எதுவும் இல்லை. 1974-ல் வந்த முதல் டி அண்ட் டி-யும் ஏறக்குறைய இப்படித்தான்: எச்.பி. தீர்ந்தால் ஆள் இல்லை. உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஓர் இடைவெளியை வைத்தது பின்னால் வந்த பதிப்புகள்தான். இந்த விளையாட்டின் பரபரப்பெல்லாம் இன்று அந்த இடைவெளியில் இருக்கிறது.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், அதைத் திருத்தி 2024-ல் வந்த பதிப்பிலும் விதி இது. எச்.பி. பூஜ்ஜியமானால் கேரக்டர் மயங்கி விழும். கையில் இருப்பது நழுவும். அதன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது மேலே விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் ஒரு எச்.பி.யோடு கண் திறந்துவிடும். இதற்கு டெத் சேவ் என்று பெயர். யாரும் உதவிக்கு வராமல், யாரும் மேலும் அடிக்காமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 60%. வற்றிய குண்டான் உடனே கருகிவிடாது. முதலில் வாசனை வரும், பிறகு கரண்டி அடியில் இழுபடும், பிறகுதான் கரி. ஓடிவந்து பார்க்க ஒரு அவகாசம் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடி மிகப் பெரியதாக இருந்து, பூஜ்ஜியத்தைத் தாண்டிய மிச்சம் கேரக்டரின் முழு எச்.பி.க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அவகாசமே கிடையாது. 28 எச்.பி. வீரர் 9-ல் நிற்கும்போது 37 அடி விழுந்தால், மிச்சம் 28. அங்கேயே முடிந்தது.

கண்டிஷன்கள் உள்ளே நுழையும் இடம் இதுதான். விழுந்தவர் மயக்க நிலையில் இருக்கிறார் என்பதற்கு ஒரு கடுமையான விளைவு உண்டு. மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று தாக்கி அது பட்டால், சாதாரணத்தைவிடக் கடுமையான கிரிட்டிகல் அடியாகத்தான் கணக்கு. விழுந்து கிடப்பவருக்குச் சாதாரண அடி ஒரு தோல்வி, கிரிட்டிகல் அடி இரண்டு தோல்வி. ஆக, முதல் பகடையில் 8 விழுந்து ஒரு தோல்வி வாங்கியவரை, பக்கத்தில் நிற்கும் ஒரு குட்டி காப்ளின் துருப்பிடித்த கத்தியால் ஒரு குத்துக் குத்தினால் போதும். கத்தியின் சேதம் 2 ஆக இருந்தாலும் ஆள் இறந்துவிடுவார். எத்தனை எச்.பி. சேதம் என்பது விழுந்தவர் விஷயத்தில் பெரும்பாலும் பொருட்டில்லை. அளவு பூஜ்ஜியமான பிறகு நிலைதான் ஆட்சி செய்கிறது.

விஷம் டெத் சேவைக் கெடுக்குமா? பலர் கெடுக்கும் என்றே நினைக்கிறார்கள். கெடுக்காது. விஷமேறிய நிலை தாக்குதலையும் திறன் சோதனையையும் மட்டும்தான் தடுக்கும், சேவ்களைத் தொடாது. களைப்பு தொடும். 2024 விதிப்படி ஒவ்வொரு களைப்புப் படிக்கும் எல்லா இருபது முகப் பகடையிலும் 2 குறையும். இரண்டு படி களைத்தவர் விழுந்தால், பகடையில் 14 விழுந்தால்தான் 10 ஆகும். 55% ஆக இருந்த வெற்றி வாய்ப்பு 35% ஆகிறது. சி ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் அடுத்த ஷிஃப்டுக்கும் நின்றவருக்கு இந்த விதியை விளக்கத் தேவையே இருக்காது. ஆறாம் படியில் களைப்பே கொன்றுவிடும், எச்.பி. எவ்வளவு இருந்தாலும்.

நல்ல நிலைகளும் உண்டு. ‘பிளெஸ்’ மந்திரத்தின் கீழ் இருப்பவர் டெத் சேவிலும் ஒரு நாலு முகப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆறாம் லெவலை எட்டிய பாலடின் என்ற புனிதப் போர்வீரர் பத்தடிக்குள் நின்றால் அவருடைய பலம் விழுந்தவரின் பகடையில் சேரும். ஆனால் பாலடினும் மயங்கி விழுந்தால் அந்தத் துணையும் அணைந்துபோகும். ‘பிளெஸ்’ போட்ட பூசாரி மயங்கினாலும் அவருடைய கவனம் கலைந்து மந்திரம் விலகிவிடும். ஒருவர் விழுவது பக்கத்தில் இருப்பவரின் கணக்கையும் மாற்றுகிறது.

மூடி இறுகிய குண்டானும் உண்டு. ‘சில் டச்’ என்ற மந்திரம் பட்டவருக்கு, போட்டவரின் அடுத்த முறை வரை எச்.பி. ஏறாது. அந்த நேரத்தில் அவர் விழுந்துவிட்டால் எவ்வளவு பெரிய குணமாக்கும் மந்திரமும் வீண். தண்ணீர் மூடியின் மேல் வழிந்து ஓடும். முதலுதவி செய்து உயிரைப் பிடித்து நிறுத்துவது மட்டும் முடியும், ஏனென்றால் அது எச்.பி. ஏற்றுவது ஆகாது. இந்த வித்தியாசம் தெரிந்த மேசையில் ஒரு ஆள் பிழைக்கிறார்.

சரி, மூடி திறந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றிவிட்டோம். ஒரு எச்.பி. ஏறினாலும் கேரக்டர் கண் திறக்கும். சேர்ந்த தோல்விகள் எல்லாம் அழிந்து பூஜ்ஜியமாகும். ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரத்தை அறுபது அடி தூரத்தில் நின்று, தன் தாக்குதலை விடாமலே ஒருவர் போட்டுவிடலாம். கண் திறந்தவர் இன்னும் தரையில்தான் கிடப்பார், வாள் பக்கத்தில் கிடக்கும், விஷம் இருந்தால் விஷமும் இருக்கும். ஆனால் விழுந்தோம் என்பதன் தடம் மட்டும் உடம்பில் இல்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: கைகொடுத்துத் தூக்கினால் ஒரு எச்.பி.யோடு எழுந்து ஓடுவார்கள்.

ஐந்தாம் பதிப்பின் குண்டான் நான்ஸ்டிக். எத்தனை முறை வற்றினாலும் ஒரு கரண்டி தண்ணீரில் அடி சுத்தமாகிவிடும்.

இதன் விளைவு மேசையில் தெரியும். 4 எச்.பி.யில் தள்ளாடும் நண்பருக்கு யாரும் மந்திரம் போடுவதில்லை. விழட்டும், விழுந்த பிறகு போடலாம் என்று காத்திருப்பார்கள், ஏனென்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே கணக்கு போவதில்லை. 4-ல் இருப்பவர் 13 அடி வாங்கினாலும் பூஜ்ஜியம்தான், 7 ஏற்றி 11-ல் நிறுத்தினாலும் அதே அடியில் பூஜ்ஜியம்தான். விழுந்த பிறகு ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டும் வீணாவதில்லை. கணக்குப்படி அது சரி. ஆனால் ஒருவர் ஒரே சண்டையில் நாலு முறை செத்துச் செத்து எழுவதை நான் பார்த்திருக்கிறேன். நாலாம் முறை விழும்போது மேசையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. சாவுக்கு அருகில் போனவரைப் பற்றிய பதற்றத்தையே விதி துடைத்துவிட்டது.

பழைய விதி இதற்கு நேர் எதிர். 1979-ல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேட்டில், பூஜ்ஜியத்துக்கு வந்து காப்பாற்றப்பட்டவர் கொஞ்ச நேரம் நினைவின்றிக் கிடப்பார், பிறகு குறைந்தது ஒரு வாரம் முழு ஓய்வு எடுக்க வேண்டும். அதுவரை சண்டையோ மந்திரமோ கிடையாது. உண்மைக்கு நெருக்கம்தான். ஆனால் அந்த ஒரு வாரம் அந்த ஆட்டக்காரர் என்ன செய்வார்? மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டது பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு. 2019-ல் வந்தது. இதைத்தான் நான் அலுமினியக் குண்டான் என்பேன். ஒருமுறை அடிப்பிடித்த அலுமினியக் குண்டானைத் தேய்க்காமல் மறுபடி அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். பழைய கருகல் இருந்த அதே இடத்தில் முதலில் பிடிக்கும், முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.

இதில் சாவு ஒரு எண். விழுந்தால் டையிங் 1, கிரிட்டிகல் அடியில் விழுந்தால் டையிங் 2. எண் 4-ஐத் தொட்டால் சாவு. ஒவ்வொரு முறையும் 10-ஓடு டையிங் எண்ணைக் கூட்டி, அதைப் பகடையில் எட்ட வேண்டும். எட்டினால் எண் ஒன்று குறையும், தவறினால் ஒன்று ஏறும். பத்து அல்லது அதற்கு மேல் குறைந்தால் இரண்டு ஏறும். டையிங் நீங்கி எழும்போது வூண்டட் 1 என்ற நிலை ஒட்டிக்கொள்ளும். அதுதான் அடிக்கருகல். எழுந்தவர் நன்றாகவே சண்டை போடுவார், வூண்டட் அவரை எதிலும் தடுக்காது. மறுபடி விழுந்தால்தான் அது பேசும்: டையிங் 1-ஓடு வூண்டட் 1 சேர்ந்து நேராக டையிங் 2. அதிலிருந்து எழுந்தால் வூண்டட் 2, மூன்றாம் முறை விழுந்தால் டையிங் 3. அதிலிருந்தும் எழுந்தால் வூண்டட் 3. நாலாம் முறை விழுந்தால் அவகாசமே இல்லை, நேராக 4.

குண்டானைத் தேய்க்க வழியும் உண்டு. மருத்துவத் திறன் உள்ளவர் பத்து நிமிடம் உட்கார்ந்து காயத்தைப் பார்த்து, பகடையும் கைகொடுத்தால் வூண்டட் போய்விடும். முழு எச்.பி.க்கு வந்து பத்து நிமிடம் ஓய்ந்தாலும் போகும். ஆனால் சண்டைக்கு நடுவில் பத்து நிமிடம் யாருக்குக் கிடைக்கும்? சண்டைக்குள் மந்திரம், சண்டைக்குப் பிறகு சிகிச்சை என்று வேலை பிரிகிறது. 4 எச்.பி.யில் தள்ளாடும் நண்பருக்கு விழுமுன்பே மந்திரம் போட இந்த மேசையில் காரணம் இருக்கிறது.

இனி தீயின் விஷயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாத்ஃபைண்டரில் ரத்தம் ஓடுவதும் உடம்பில் தீப்பற்றுவதும் தொடர் சேதம். அந்தந்தக் கேரக்டரின் முறை முடியும்போது சேதம் விழும். விழுந்த பிறகு ஒரு பகடை: 15 அல்லது மேல் வந்தால் நிற்கும், இல்லையென்றால் அடுத்த முறையும் தொடரும். டையிங் நிலையில் இருப்பவருக்கு எந்தச் சேதம் விழுந்தாலும் டையிங் குறைந்தது ஒன்று ஏறும். வற்றிய குண்டானுக்கு அடியில் இன்னும் தீ எரிகிறது என்று பொருள்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முன்வரிசை வீரர் கிரிட்டிகல் அடியில் விழுந்தார். டையிங் 2. ரத்தமும் ஓடுகிறது. பூசாரியிடம் மந்திரம் தீர்ந்துவிட்டது. முதலுதவி தெரிந்த கேரக்டரை ஆடியவர் ஒரு டிரெயினி தம்பி, சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு முறைக்கு மூன்று செயல். ஓடிவரவே ஒன்று போய்விட்டது. முதலுதவிக்கு இரண்டு வேண்டும்.

“அண்ணா, ரெண்டு ஆக்‌ஷன்தான் இருக்கு. ரத்தத்த நிறுத்தவா, உசுரப் பிடிச்சு நிறுத்தவா?”

“ரெண்டுல ஒண்ணுதான்பா. பகடைய உருட்டுறதுக்கு முன்னாடியே எதுன்னு சொல்லிடணும்.”

விதிப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் சாகும் நிலையிலும் இருந்து ரத்தமும் ஓடினால், முதலுதவி செய்பவர் எதற்கு என்று முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். தம்பி யோசித்தார். மேசையில் எல்லோரும் “உசுரப் பிடி, உசுரப் பிடி” என்றார்கள். அது இயல்பு. ஆனால் கணக்குப் பார்ப்போம்.

எதுவும் செய்யாமல் விட்டால், வீரரின் முறை வரும்போது 12 எட்ட வேண்டும். 3 முதல் 11 வரை விழுந்தால் டையிங் 3, முறை முடியும்போது ரத்தத்தால் 4. சாவு. 1, 2 விழுந்தால் பகடையிலேயே 4. ஆக, 11-ஓ அதற்குக் கீழோ எது விழுந்தாலும் சாவு. 55%. 12 எட்டினாலும் டையிங் 1 ஆகி, ரத்தத்தால் மறுபடி 2. ஜெயித்தும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

உயிரைப் பிடித்து நிறுத்தினால்? அதற்கு எட்ட வேண்டியது அந்த 12-ஓடு 5 சேர்த்து 17. எட்டினால் டையிங் நீங்கும், வூண்டட் 1 ஒட்டும், எச்.பி. பூஜ்ஜியம்தான், மயக்கமும் அப்படியே. அவர் முறை முடியும்போது ரத்தம் மறுபடி தள்ளும்: டையிங் 1, வூண்டட் 1, கூட்டினால் 2. தம்பி தன் முறை முழுவதையும் செலவழித்து, தொடங்கிய அதே எண்ணில் நிறுத்தியிருப்பார், புதிதாக ஒரு கருகலோடு.

ரத்தத்தை நிறுத்தினால்? டையிங் 2 அப்படியே இருக்கும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது வீரரின் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மட்டுமே அந்த முறையில் சாவு. 55% ஆக இருந்தது 10% ஆகிறது. 3 முதல் 11 வரை விழுந்தாலும் டையிங் 3-ல் உயிரோடு இருப்பார், அடுத்த ஆள் வந்து சேர நேரம் கிடைக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடுவது. எரியும் அடுப்பில் காலிக் குண்டானுக்குள் அரைக் கரண்டி தண்ணீர் விட்டால் சொய்யென்று ஆவியாவதைத்தான் கேட்கலாம்.

தம்பி ரத்தத்தை நிறுத்தினார். வீரரின் பகடையில் 5 விழுந்தது. டையிங் 3. மேசை மூச்சு விடவில்லை. அடுத்து வந்த ரேஞ்சர், பையில் கடைசியாக இருந்த குணமாக்கும் மருந்தை ஊற்றினார். வீரர் எழுந்தார். ரத்தம் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்த 5-லேயே அவர் கதை முடிந்திருக்கும். அன்றிலிருந்து எங்கள் மேசையில் யார் விழுந்தாலும் முதலில் எழும் கேள்வி “எச்.பி. எவ்வளவு?” இல்லை, “தீ எரியுதா?” என்பதுதான்.

ஐந்தாம் பதிப்பில் இதே தீ வேறு உருவில் வரும். ‘கிளவுட்கில்’ நச்சுப்புகைக்குள் விழுந்தவருக்கு ஒவ்வொரு முறையும் சேதம், ஒவ்வொரு சேதமும் ஒரு தோல்வி. அவருக்கு அங்கேயே மந்திரம் போட்டு எழுப்பினால் 6 எச்.பி.யோடு கண் திறந்து, அதே புகையில் மறுபடி விழுவார். வெளியே இழுத்துப்போடுவதுதான் முதல் வேலை.

குண்டானின் அடியே தேய்ந்திருப்பதும் உண்டு. பாத்ஃபைண்டரில் டூம்ட் என்ற நிலை சாவின் எல்லையையே இறக்கும். டூம்ட் 1 இருந்தால் 4-க்குப் பதில் 3-லேயே சாவு. ஒரு முழு இரவு உறங்கினால் ஒரு படி விலகும். டிரெயின்ட் என்ற நிலை குண்டானின் கொள்ளளவைக் குறைக்கும்: எவ்வளவு ஊற்றினாலும் அந்த அளவுக்கு மேல் நிற்காது.

இறந்த பிறகு எழுப்புவதும் இந்த விளையாட்டுகளில் உண்டு. அங்கே குண்டான் உவமையைக் கீழே இறக்கிவைத்துவிட வேண்டும், கருகிய குழம்பை யாரும் திரும்பப் பச்சைக் காய்கறியாக்குவதில்லை. ஐந்தாம் பதிப்பில் இறந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் 300 பொற்காசு மதிப்புள்ள வைரமும் ‘ரிவிவிஃபை’ மந்திரமும் போதும். பத்து நாளுக்குள் என்றால் ‘ரெய்ஸ் டெட்’, 500 பொற்காசு வைரம். இந்த இரண்டாவதில் விஷம் நீங்கியே எழுவார், ஆனால் எல்லா இருபது முகப் பகடையிலும் 4 குறையும், ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் ஒன்று ஒன்றாகத் தெளியும். விழுந்து எழுந்தவருக்குத் தடம் வைக்காத விளையாட்டு, செத்து எழுந்தவருக்கு மட்டும் தடம் வைத்திருக்கிறது.

உயிரைப் பிடித்து நிறுத்துவதும் குணமாக்குவதும் வேறு வேறு என்பது விளையாட்டுக்காகக் கண்டுபிடித்த பிரிவினை இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது: ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கிறது. லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓயாத இந்தச் சாலைகளில் வாழ்கிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும். முதலில் உயிர், பிறகு உடம்பு, அதற்கும் பிறகு வேலைக்குத் திரும்புவது. ஐந்தாம் பதிப்பிலும் மூன்று வெற்றி சேர்த்தவர் உடனே எழுவதில்லை, மயங்கித்தான் கிடப்பார். ஒன்றிலிருந்து நாலு மணி நேரம் கழித்து ஒரு எச்.பி. ஏறும்.

புதிதாக மேசை தொடங்குபவர்கள் ஐந்தாம் பதிப்பில் தொடங்கலாம், விதி எளிது. விழுவதற்கு ஒரு எடை வேண்டும் என்று தோன்றினால் பலர் செய்யும் ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ளலாம்: பூஜ்ஜியத்திலிருந்து எழும்போதெல்லாம் ஒரு படி களைப்பு. ஆனால் அது மிகக் கடுமை என்பது என் கருத்து. ஒரு நாள் ஓய்வுக்கு ஒரு படிதான் இறங்கும், மூன்று முறை விழுந்த வீரர் மூன்று நாள் முடங்குவார். பாத்ஃபைண்டரின் வூண்டட்டை அப்படியே எடுத்து, ‘எத்தனை முறை எழுந்தாரோ அத்தனை தோல்வியோடு டெத் சேவைத் தொடங்க வேண்டும், சண்டை முடிந்து குறு ஓய்வு எடுத்தால் அழியும்’ என்று வைத்துக்கொள்வது எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். கண்டிஷன்களின் பட்டியல் அதில் சில பக்கங்கள்தான். எங்கள் மேசையில் ஆங்கிலம் தடுமாறும் இருவர் இருக்கிறார்கள், அவர்களுக்காக நிலைக்கு ஒரு அட்டை என்று தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு அட்டையிலும் மூன்றே வரி: இந்த நிலை எதைத் தடுக்கும், எது இதை நீக்கும், விழுந்து கிடக்கும்போது இது டெத் சேவைத் தொடுமா தொடாதா. மூன்றாவது வரி விதிப்புத்தகத்தில் தனியாக எங்கும் இல்லை. ஒவ்வொன்றையும் படித்து நாமே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. மயக்கம், விஷம், களைப்பு, செயலிழப்பு நாலும் முடிந்துவிட்டன. கல்லாகும் நிலையில் நிற்கிறோம்.